சிரித்தால் ஜெயில்!

கிழக்கு ஜெர்மனியில் ரகசியமாக உலாவிய பட்டப்பெயர்களும் தமாஷ்களும்

தமாஷ் சொன்ன குற்றத்துக்காக ஒருவரை ஜெயிலில் தள்ள முடியுமா?

முடியும். அப்படி ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் கிழக்கு ஜெர்மனி.

அங்கே சாராயக் கடையில் உட்கார்ந்து, ஆட்சித் தலைவரைப் பற்றி ஒரு தமாஷ் சொன்னால் போதும். பக்கத்து மேஜைக்காரர் அதைக் குறித்துக்கொள்ளலாம். சில நாளில் வீட்டுக் கதவு தட்டப்படலாம்.

ஆனாலும் அந்த நாட்டு மக்கள் சிரிப்பதை நிறுத்தவில்லை. தலைவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். போலீசுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். கார், காபி, கட்டடம், ரெயில் எதையும் விட்டுவைக்கவில்லை!

இரண்டான நாடு

இரண்டாவது உலகப் போரில் 1945-ம் ஆண்டு ஜெர்மனி தோற்றது. வென்ற நாடுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. 1949-ம் ஆண்டு அது இரண்டு நாடுகள் ஆயிற்று.

மேற்குப் பகுதி அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு நாடுகளின் பக்கம் சாய்ந்தது. கிழக்குப் பகுதியில் ரஷியாவின் துணையோடு கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டது.

கிழக்கு ஜெர்மனியில் தேர்தல் நடந்தது. ஆனால் ஒரே ஒரு பட்டியல்தான். அதை ஏற்பதைத் தவிர வேறு வழி இல்லை. பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன் எல்லாம் கட்சியின் கையில்.

உண்மையை வெளிப்படையாகப் பேச முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஜாடையாகப் பேசுவார்கள். அங்கேயும் அப்படித்தான் நடந்தது.

தாடி, தொந்தி, கண்ணாடி

முதலில் ஆட்சி செய்தவர் வால்ட்டர் உல்பிரிக்ட். 1950-ம் ஆண்டு முதல் 1971-ம் ஆண்டு வரை கட்சியின் தலைமைப் பதவியில் இருந்தார்.

அவர் மோவாயில் சின்னஞ்சிறு கூர்தாடி உண்டு. அவ்வளவுதான்! மக்கள் அவருக்கு "கூர்தாடி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் "ஸ்பிட்ஸ்பார்ட்".

இந்தப் பட்டப்பெயர் ஒருநாள் வீதிக்கு வந்துவிட்டது.

1953-ம் ஆண்டு ஜூன் மாதம். தொழிலாளர்கள் அதே கூலிக்கு 10 சதவீதம் அதிக வேலை செய்யவேண்டும் என்று அரசாங்கம் ஏற்கனவே உத்தரவு போட்டிருந்தது. கிழக்கு பெர்லினில் கட்டடத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலம் புறப்பட்டார்கள். மறுநாள், ஜூன் 17-ந் தேதி, நாடு முழுவதும் கிளர்ச்சி.

"கூர்தாடி ஒழிக!" என்று கூட்டம் முழங்கியது. தாடி, தொந்தி, மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றும் வேண்டாம் என்றும் கோஷம் போட்டார்கள். தாடி என்றால் உல்பிரிக்ட். தொந்தி என்றால் ஜனாதிபதி பீக். கண்ணாடி என்றால் பிரதமர் குரோட்டவோல்.

ரஷிய டாங்கிகள் வந்தன. துப்பாக்கி வெடித்தது. 50-க்கு மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள்.

பட்டப்பெயர் மீண்டும் வீட்டுக்குள் போய்விட்டது. ஆனால் சாகவில்லை.

சுவர் கட்டப்போவதில்லை!

மக்கள் கிழக்கே இருந்து மேற்கே ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1961-ம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 27 லட்சம் பேர் போய்விட்டார்கள். டாக்டர், என்ஜினீயர், வாத்தியார், தொழிலாளி எல்லாரும் அதில் உண்டு.

1961-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி உல்பிரிக்ட் பத்திரிகை நிருபர்களிடம் பேசினார். "சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை" என்றார்.

சரியாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 13-ந் தேதி விடிந்தபோது மேற்கு பெர்லினைச் சுற்றி முள்கம்பி! பிறகு அதே இடத்தில் சுவர் எழும்பியது. மொத்த நீளம் சுமார் 155 கிலோமீட்டர்.

அரசாங்கம் அதற்கு "பாசிஸ்டு எதிர்ப்புத் தற்காப்பு அரண்" என்று பெயர் சூட்டியது. மக்கள் சுருக்கமாக "சுவர்" என்றார்கள். அதுவே பெரிய துணிச்சல்!

வயதானவர்கள் மட்டும் 1964-ம் ஆண்டு முதல் மேற்கே போய் உறவினரைப் பார்த்து வரலாம். அவர்கள் திரும்பி வராவிட்டாலும் பென்ஷன் மிச்சம்தானே! கிழவர்களும் கிழவிகளும் நிறைந்த அந்த ரெயிலுக்கு மக்கள் வைத்த பெயர் "மம்மி எக்ஸ்பிரஸ்". எகிப்து நாட்டுப் பிரமிடுகளில் கிடக்கும் பாடம்செய்த பிணங்கள்தான் மம்மிகள். சிரிப்புக்குள் எவ்வளவு வேதனை பாருங்கள். இளைஞர்களுக்கு அந்த ரெயிலில் இடம் இல்லை!

ஒட்டுக்கேள், எட்டிப்பார் கம்பெனி

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். கிழக்கு ஜெர்மனியில் அது வெறும் பழமொழி அல்ல.

1950-ம் ஆண்டு ஓர் உளவு இலாகா தொடங்கப்பட்டது. அதைச் சுருக்கமாக "ஸ்டாசி" என்பார்கள். 1989-ம் ஆண்டில் அதில் சம்பளம் வாங்கியவர்கள் சுமார் 91 ஆயிரம் பேர். இது தவிர ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 89 ஆயிரம் பேர்.

நாட்டின் ஜனத்தொகையோ சுமார் 1 கோடியே 64 லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 60 பேருக்கு ஓர் ஒற்றர்!

யார் அந்த ஒற்றர்? கூட வேலை செய்பவராக இருக்கலாம். கல்லூரித் தோழனாக இருக்கலாம். சில வீடுகளில் கட்டிய கணவனாகவே இருந்தார்.

அந்த நாட்டுத் தொழிற்சாலைகளின் பெயருக்கு முன்னால் "மக்கள் உடைமைக் கம்பெனி" என்று எழுதியிருப்பார்கள். மக்கள் ஸ்டாசியையும் ஒரு தொழிற்சாலை ஆக்கினார்கள். "மக்கள் உடைமை, ஒட்டுக்கேள் எட்டிப்பார் கம்பெனி" என்று பெயர் வைத்தார்கள். அவசரத்துக்கு "கம்பெனி" என்றாலே போதும். கேட்பவர் புரிந்துகொள்வார்.

சாதாரணப் போலீசுக்கும் ஒரு தமாஷ் உண்டு.

"போலீஸ்காரர்கள் ஏன் மூன்று மூன்று பேராக ரோந்து வருகிறார்கள்?"

"ஒருவருக்குப் படிக்கத் தெரியும். இன்னொருவருக்கு எழுதத் தெரியும். படித்தவர்களான அந்த இருவரையும் கண்காணிக்க மூன்றாவது ஆள்!"

நாடகம் போட்டார், சிறை சென்றார்

தமாஷ் செய்தவர்களுக்கு என்ன கதி நேர்ந்தது? பீட்டர் சோடான் என்பவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் லைப்சிக் நகரத்து மாணவர். கம்யூனிஸ்டு ஆட்சியின் எதிரி அல்ல. அவரே ஆளும் கட்சியின் உறுப்பினர்தான்.

லைப்சிக்கில் மாணவர்கள் ஒரு கேலி நாடகக் குழு நடத்தினார்கள். அதன் பெயர் "கேலிக்காரர் சபை". சோடான் அதற்குத் தலைவர். 1961-ம் ஆண்டு புதிய நாடகம் ஒன்றைத் தயாரித்தார்கள். "நாயைப் புதைத்த இடம்" என்பது அதன் பெயர். "சங்கதியின் சூட்சுமம் இங்கேதான்" என்று சொல்ல ஜெர்மானியர்கள் இப்படிச் சொல்வது வழக்கம்.

சுவர் எழும்பிய நேரம் அது. அதிகாரிகள் நாடகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது எதிர்ப்புரட்சி!" என்றார்கள்.

செப்டம்பரில் குழுவினர் கைதானார்கள். சோடான் சுமார் 9 மாதம் காவலில் கிடந்தார். கல்லூரியில் இருந்து பெயர் அடிக்கப்பட்டது. வெளியே வந்ததும் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார்.

அவர் மனம் உடைந்துவிடவில்லை. மறுபடியும் நாடகம் படித்தார். நடிகர் ஆனார். ஹால்லே நகரில் நாடக அரங்கை நடத்தினார். ஜெர்மனி ஒன்றான பிறகு டெலிவிஷனில் துப்பறியும் அதிகாரியாக நடித்து நாடு முழுவதும் புகழ் பெற்றார். 2024-ம் ஆண்டு காலமானார்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தமாஷ் சொன்ன சாதாரணத் தொழிலாளர்களும் விவசாயிகளும் ஆண்டுக் கணக்கில் சிறையில் வாடினார்கள்.

போடோ மூலர் என்ற எழுத்தாளர் ஸ்டாசியின் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டி, 2016-ம் ஆண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்ட விசித்திரம் என்ன தெரியுமா? தீர்ப்புகளில் "தமாஷ்" என்ற சொல்லே கிடையாது! "அரசுக்கு எதிராகத் தூண்டிவிட்டார்" என்றுதான் எழுதியிருக்கும். நீதிபதி அந்தத் தமாஷைத் தீர்ப்பில் எழுதினால், அதைப் படிக்கிறவர் சிரித்துவிடுவாரே!

இதைப் பற்றியும் மக்கள் ஒரு தமாஷ் சொன்னார்கள்.

மேற்கு ஜெர்மனித் தலைவர் வில்லி பிராண்ட் உல்பிரிக்டைச் சந்திக்கிறாராம். "உமக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று உல்பிரிக்ட் கேட்கிறார்.

"என்னைப் பற்றி மக்கள் சொல்லும் தமாஷ்களைச் சேகரிக்கிறேன். நீர்?"

"என்னைப் பற்றித் தமாஷ் சொல்லும் மக்களைச் சேகரிக்கிறேன்!"

அனுமதி பெற்ற சிரிப்பு

சிரிப்பை அடியோடு ஒழிக்க முடியாது என்பது ஆட்சியாளருக்கும் தெரியும். ஆகவே அவர்களே கொஞ்சம் சிரிப்பை அளந்து கொடுத்தார்கள்!

1953-ம் ஆண்டு கிழக்கு பெர்லினில் "டிஸ்டல்" என்ற கேலி நாடக அரங்கு திறக்கப்பட்டது. அந்தச் சொல்லுக்கு "முட்செடி" என்று பொருள். 1954-ம் ஆண்டு "ஆய்லன்ஷ்பீகல்" என்ற நகைச்சுவைப் பத்திரிகை வந்தது.

சோம்பேறிக் குமாஸ்தாவைக் கேலி செய்யலாம். ஓட்டையான குழாயைக் கேலி செய்யலாம். பெரிய தலைவரைத் தொடக்கூடாது. ரஷியாவைத் தொடக்கூடாது. ராணுவத்தைத் தொடக்கூடாது.

அப்படி இருந்தும் பத்திரிகைக்குக் கிராக்கி! மக்கள் வரிகளுக்கு இடையே படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

குனிந்தால் கிடைக்கும்

வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். ரொட்டி, வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் மலிவு. வேலையும் உண்டு. பட்டினி கிடையாது. ஆனால் நல்ல சாமான்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

வாழைப்பழம், ஆரஞ்சு, நல்ல துணி எது வந்தாலும் கடைக்காரர் மேஜைக்கு அடியில் பதுக்கிவிடுவார். வேண்டியவர் வந்தால் குனிந்து எடுத்துக் கொடுப்பார். ஆகவே அந்தச் சாமான்களுக்கு "குனிவுச் சரக்கு" என்று பெயர் வந்தது!

கடையில் ஒருவர் கேட்கிறார்: "இங்கே பூட்சு இல்லையா?"

கடைக்காரர்: "இங்கே கால்சட்டைதான் இல்லை. பூட்சு இல்லாத கடை மாடியில் இருக்கிறது!"

இன்னொரு தமாஷ்: "சஹாரா பாலைவனத்தில் நம் ஆட்சி வந்தால் என்ன ஆகும்?"

"பத்து வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறகு மணலுக்குப் பஞ்சம் வரும்!"

அட்டைக் கார்

கிழக்கு ஜெர்மனியில் "டிராபண்ட்" என்ற கார் தயாரானது. 1957-ம் ஆண்டு முதல் 1991-ம் ஆண்டு வரை சுமார் 30 லட்சம் கார்கள் செய்தார்கள்.

இரும்புத் தகடு பற்றாக்குறை. ஆகவே பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தி, அதைக் கொண்டு காரின் மேற்பாகத்தைச் செய்தார்கள். மக்கள் விடுவார்களா? "பந்தய அட்டை" என்று பெயர் வைத்தார்கள்!

இந்தக் காருக்குப் பதிவு செய்தால் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 18 வயதில் பெயர் கொடுத்தால், கார் கைக்கு வரும்போது பிள்ளைகுட்டி பிறந்திருக்கும்.

ஒரு மாடலின் பெயர் "601". அதற்கு மக்கள் சொன்ன விளக்கம்: "600 பேர் பணம் கட்டினார்கள், ஒருவருக்குக் கிடைத்தது!"

"டிராபண்ட் காரின் விலையை இரட்டிப்பாக்குவது எப்படி?" "பெட்ரோல் டாங்கியை நிரப்பு!"

அந்தக் காரைக் கேலி செய்தவர்களே அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். அவர்களே ரிப்பேர் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அதில் ஏரிக்கரைக்குப் போனார்கள்.

காபியில் பட்டாணி

1971-ம் ஆண்டு எரிக் ஹோனக்கர் ஆட்சித் தலைவர் ஆனார்.

அவர் காலத்தில் காபிக்கு ஆபத்து வந்தது. 1975-ம் ஆண்டு பிரேசில் நாட்டில் பனி விழுந்து காபிச் செடிகள் கருகின. உலகமெங்கும் காபி விலை ஏறியது. வெளிநாட்டுப் பணம் இல்லாத கிழக்கு ஜெர்மனி திண்டாடியது.

1977-ம் ஆண்டு "கலப்புக் காபி" என்று ஒன்றை விற்றார்கள். அதில் 51 சதவீதம்தான் காபி. மீதி பட்டாணி, கம்பு போன்ற தானியம் முதலியவை!

ஓட்டல்களில் காபி எந்திரங்கள் அடைத்துக்கொண்டன. தாய்மார்கள் கொதித்தார்கள். காலையில் நல்ல காபி கிடைக்காவிட்டால் குடும்பம் என்ன பாடுபடும்!

மேற்கு ஜெர்மனியில் "மகுடம்" என்ற பெயரில் உயர்ந்த ரகக் காபி விற்றது. மக்கள் கலப்புக் காபிக்கு "எரிக்கின் மகுடம்" என்று பெயர் வைத்தார்கள். புகார்கள் குவிந்தன. அரசாங்கம் பின்வாங்கியது.

ஹோனக்கர் தலைநகரில் மக்கள் மாளிகை ஒன்றைக் கட்டி, 1976-ம் ஆண்டு திறந்து வைத்தார். உள்ளே ஆயிரக்கணக்கான விளக்குகள். அதற்குக் கிடைத்த பட்டம்: "எரிக்கின் விளக்குக் கடை"!

ஒரு ஷ்னிட்ஸ் நேரம்

சுவர் ஆளைத் தடுத்தது. டெலிவிஷன் அலையைத் தடுக்க முடியவில்லை. இரவில் வீடுதோறும் மேற்கு ஜெர்மனி நிகழ்ச்சிதான்.

இதற்கு எதிராக ஷ்னிட்ஸ்லர் என்பவர் 1960-ம் ஆண்டு முதல் வாரம் ஒருமுறை டெலிவிஷனில் பேசினார். மேற்கு நாட்டை வெளுத்து வாங்குவார். திங்கட்கிழமை இரவில் பழைய சினிமா ஓடும். அது முடிந்ததும் இவர் வருவார்.

இவர் முகம் தெரிந்ததும் மக்கள் பாய்ந்துபோய் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். "ஷ்னிட்ஸ்" என்பது ஒரு புதிய கால அளவு ஆயிற்று. அவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டெலிவிஷனைத் திருப்ப ஆகும் நேரம்தான் அது!

டிரெஸ்டன் நகரம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே மேற்கு நாட்டு டெலிவிஷன் தெரியாது. அதற்கு "ஒன்றும் அறியாதார் பள்ளத்தாக்கு" என்று பெயர்.

சூரியனும் போய்விட்டது

எல்லாவற்றையும்விடப் புகழ்பெற்ற தமாஷ் இது.

ஹோனக்கர் காலையில் ஜன்னலைத் திறக்கிறார். "வணக்கம், சூரியனே!" என்கிறார். "வணக்கம், அன்புள்ள எரிக்!" என்கிறது சூரியன். நடுப்பகலிலும் அதே மரியாதை.

மாலையில் மறுபடியும், "வணக்கம், சூரியனே!" என்கிறார்.

"போடா! நான் மேற்கே வந்துவிட்டேன்!" என்கிறது சூரியன்.

இந்தத் தமாஷ் 2006-ம் ஆண்டு வந்த "பிறர் வாழ்க்கை" என்ற ஜெர்மன் சினிமாவில் வருகிறது. அடுத்த ஆண்டு அந்தப் படம் ஆஸ்கார் பரிசு பெற்றது.

எதிர்த்தரப்பும் இந்தத் தமாஷ்களை விடவில்லை. மேற்கு ஜெர்மனியின் உளவு இலாகா அவற்றைச் சேகரித்து, அறிக்கையாக்கித் தன் அரசாங்கத்துக்கு அனுப்பியது! எதற்கு? மக்கள் எதைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தால், அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? அந்த ரகசிய அறிக்கைகள் 2015-ம் ஆண்டு புத்தகமாக வெளிவந்தன.

சபையே சிரித்தது

1989-ம் ஆண்டு மக்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். அக்டோபர் 18-ந் தேதி ஹோனக்கர் பதவி இழந்தார். எகோன் கிரன்ஸ் தலைவர் ஆனார். அவருக்குப் பற்கள் பெரிது.

நவம்பர் 4-ந் தேதி கிழக்கு பெர்லினில் லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். ஓர் அட்டையில் கிரன்ஸ், பாட்டி குல்லாய் போட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். பாட்டி வேஷம் போட்டுக் குழந்தையை ஏமாற்றிய ஓநாயின் கதை ஜெர்மனியில் எல்லாருக்கும் தெரியும். "பாட்டி, உனக்கு ஏன் இவ்வளவு பெரிய பல்?" என்று அதில் எழுதியிருந்தது!

முன்பு காதோடு காதாகச் சொன்ன தமாஷ், இப்போது கம்பில் கட்டி உயர்த்தப்பட்டது. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 9-ந் தேதி, சுவர் திறந்தது.

நவம்பர் 13-ந் தேதி இன்னொரு அதிசயம் நடந்தது.

எரிக் மீல்கே என்பவர் 1957-ம் ஆண்டு முதல் ஸ்டாசியின் தலைவர். பெயரைக் கேட்டாலே நாடு நடுங்கும். அவர் சட்டசபையில் பேச எழுந்தார். உறுப்பினர்களைத் "தோழர்களே" என்று அழைத்தார். "இங்கே இருப்பவர் எல்லாரும் தோழர்கள் அல்ல!" என்று ஒருவர் தடுத்தார்.

மீல்கே திணறினார். "நான் எல்லா மனிதரையும் நேசிக்கிறேனே!" என்றார்.

சபை வாய்விட்டுச் சிரித்தது! வழக்கமாகச் சொன்னபடி கை தூக்கும் சபை அது. நாடு முழுவதும் டெலிவிஷனில் அதைப் பார்த்தது. பயம் போய்விட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

தமாஷ் மட்டுமே ஆட்சியைக் கவிழ்த்துவிடவில்லை. சிரித்துவிட்டு வரிசையில் நின்றவர்களே அதிகம். நாற்பது வருஷம் அப்படித்தான் ஓடியது. ஆனால் அத்தனை வருஷமும், "நீ மட்டும் இப்படி நினைக்கவில்லை; நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்று ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ள அந்தத் தமாஷ்கள் உதவின. ஒருவரிடம் தமாஷ் சொல்வது என்றால், தன் தலையையே அவர் கையில் கொடுப்பது போல. அவ்வளவு நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்தவர்களும் இருந்தார்கள். 1992-ம் ஆண்டு ஸ்டாசியின் தஸ்தாவேஜுகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வரிசையாக வைத்தால் 111 கிலோமீட்டர் நீளம்! தன் பெயர் போட்ட கட்டைப் பிரித்துப் பார்த்தவர்களில் பலர், காட்டிக்கொடுத்தது தன் நெருங்கிய நண்பர் என்று கண்டு கண்ணீர் விட்டார்கள்.

அதே கட்டுகளில் தமாஷ்களும் இருந்தன. யார் சொன்னார், எப்போது சொன்னார், எத்தனை பேர் சிரித்தார்கள் என்று ஒற்றர்கள் ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருந்தார்கள். எந்தத் தமாஷை ஒழிக்க நினைத்தார்களோ, அதை அவர்களே பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள்!